வார்த்த ஈயக் குண்டுகளில் எது காற்றை நன்றாகக் கிழிக்கிறது: நாமே அளந்து பார்ப்பது எப்படி

குண்டு வார்க்கும் அச்சுகளின் பட்டியலைத் திறந்தால் ஒவ்வொரு வடிவத்துக்கும் பக்கத்தில் ஒரு பி.சி. எண் போட்டிருப்பார்கள். 0.254, 0.261 என்று மூன்று தசம இடம் வரைக்கும். பாலிஸ்டிக் கோஎஃபிஷியன்ட் எனப்படும் அந்த எண் கூடக்கூட, குண்டு காற்றில் வேகத்தை மெதுவாக இழக்கும். அதைப் பார்த்தே அச்சு வாங்குபவர்கள் நிறைய. நான் அந்த எண்ணைப் படிப்பேன், நம்ப மாட்டேன். அது வரைபடத்தை வைத்துக் கணக்கிட்டதாக இருக்கலாம். இல்லை, வேறு யாரோ வேறு கலவையில் வார்த்து, வேறு வேகத்தில் சுட்டு அளந்ததாக இருக்கலாம். செம்பு உறை போட்ட தொழிற்சாலைக் குண்டுக்கு இந்த வித்தியாசங்கள் சின்னவை. ஈயத்தில் அப்படி இல்லை. கலவை மாறினால் எடை மாறும், கடினம் மாறும். கடினம் மாறினால் குழலுக்குள் மூக்கின் வடிவமே மாறிவிடும்.

அதனால் ஒப்பிட வேண்டியது உங்கள் உலையில் வார்த்து, உங்கள் துப்பாக்கியில் சுட்ட குண்டுகளைத்தான். அதற்குப் பெரிய ஆய்வகம் தேவையில்லை. வேகம் அளக்கும் குரோனோகிராஃப் இரண்டு, அல்லது ஒரு டாப்ளர் ரேடார். மைக்ரோமீட்டர், நல்ல தராசு, வெப்பமானி, காற்றழுத்தமானி, கால்குலேட்டர். அவ்வளவுதான். கணக்கும் ஒரே ஒரு வரி.

உரிமமும் அனுமதி பெற்ற சுடுதளமும் உள்ளவர்களுக்காகத்தான் எழுதுகிறேன். வெடிமருந்தின் அளவைப் பற்றி இங்கே ஒன்றும் சொல்லப்போவதில்லை. அச்சிட்ட கையேட்டில் அந்த எடைக்குப் போட்டிருக்கும் எல்லையைத் தாண்டவே கூடாது. ஈயம் உருக்கும் இடத்தில் காற்றோட்டம் வேண்டும், உருகிய ஈயத்தில் ஒரு சொட்டுத் தண்ணீர்கூட விழக்கூடாது, முடித்ததும் கையைச் சோப்புப் போட்டுக் கழுவ வேண்டும். வார்ப்பவர்களுக்கு இது தெரிந்ததுதான், ஆனாலும் சொல்லாமல் விடக்கூடாது.

எதை அளக்கிறோம்

குண்டு வேகமாகப் போகும்போது காற்று கொடுக்கும் தடை, வேகத்தின் வர்க்கத்தோடு ஏறும். அதனால் ஒவ்வொரு மீட்டருக்கும் குண்டு தன் வேகத்தில் ஏறக்குறைய ஒரே விகிதத்தை இழக்கிறது. முதல் கருவி காட்டும் வேகத்தை இரண்டாவது கருவி காட்டும் வேகத்தால் வகுத்து, வந்த எண்ணுக்கு இயல் மடக்கை எடுத்து, இரண்டு கருவிகளுக்கும் இடையிலுள்ள தூரத்தால் வகுத்தால் மீட்டருக்கு எவ்வளவு இழப்பு என்று வந்துவிடும். கால்குலேட்டரில் எல்.என். என்று இருக்கும் பொத்தான்தான் இயல் மடக்கை. வசதிக்காக நான் அதை 100ஆல் பெருக்கி, 100 மீட்டருக்கான இழப்பாக எழுதி வைப்பேன்.

ஒரு உதாரணம். 0.309 அங்குல விட்டம், அதாவது 7.85 மி.மீ.; எடை 11 கிராம், அதாவது ஏறக்குறைய 170 கிரெயின். இரண்டு குண்டுகள், இரண்டுக்கும் எடையும் விட்டமும் ஒன்றே. ஒன்றுக்கு வட்ட மூக்கு, இன்னொன்றுக்கு அகலமான தட்டை மூக்கு. கருவிகளுக்கு இடையில் 90 மீட்டர். காற்று 15 டிகிரி செல்சியஸ், அழுத்தம் 1013 ஹெக்டோபாஸ்கல் என்று வைத்துக்கொள்வோம். இரண்டுமே முதல் கருவியை 540 மீ./வி. வேகத்தில் கடக்கின்றன. இரண்டாவது கருவியில் வட்ட மூக்கு 460 காட்டுகிறது, தட்டை மூக்கு 447.

வட்ட மூக்குக்கு: 540 ÷ 460 = 1.174, இயல் மடக்கை 0.160, 90ஆல் வகுத்து 100ஆல் பெருக்கினால் 0.178. தட்டை மூக்குக்கு இதே வழியில் 0.210. இரண்டையும் வகுத்தால் 1.18. அதாவது தட்டை மூக்குக் குண்டுக்கு 18 சதவீதம் கூடுதல் தடை. ஒப்பிட்டு முடித்தாயிற்று. ஜி1, ஜி7 என்ற மாதிரிக் குண்டுகளின் எந்த அட்டவணையையும் தொடவில்லை பாருங்கள்.

வடிவத்தை மட்டும் தனியாகப் பார்க்க வேண்டுமானால் தடைக் கெழு வரைக்கும் போகலாம். இரண்டு மடங்கு எடை × மடக்கை மதிப்பு ÷ (காற்றின் அடர்த்தி × குண்டின் குறுக்குவெட்டுப் பரப்பு × தூரம்). எடை கிலோகிராமில், பரப்பு சதுர மீட்டரில், தூரம் மீட்டரில், அடர்த்தி கன மீட்டருக்கு இத்தனை கிலோகிராம் என்று. நம் உதாரணத்தில் குறுக்குவெட்டுப் பரப்பு 0.0000484 சதுர மீட்டர், காற்றின் அடர்த்தி 1.225. வட்ட மூக்குக்கு 0.66 வரும், தட்டை மூக்குக்கு 0.78.

பி.சி. எண்ணாகவே வேண்டும் என்பவர்களுக்கு: ஜி1 என்ற மாதிரிக் குண்டு ஒரு அங்குல விட்டமும் ஒரு பவுண்டு எடையும் கொண்டது, அடிப்பகுதி தட்டையானது. அதன் தடைக் கெழு மாக் 1.5 பக்கத்தில், அதாவது ஒலியின் வேகத்தைப்போல் ஒன்றரை மடங்கில், ஏறக்குறைய 0.66. நம் வட்ட மூக்கின் சராசரி வேகம் 500 மீ./வி., அதாவது மாக் 1.47, அதன் கெழுவும் 0.66. நம் குண்டின் கெழுவை ஜி1இன் கெழுவால் வகுத்து வருவதுதான் வடிவ எண், ஆக இங்கே அது 1. கிரெயினில் எடையை 7000ஆல் வகுத்து, அங்குல விட்டத்தின் வர்க்கத்தால் வகுத்தால் 0.254 வரும், அதை வடிவ எண்ணால் வகுத்தாலும் 0.254தான். தட்டை மூக்கின் வடிவ எண் 1.18, பி.சி. 0.215. ஈயக் குண்டுகள் பெரும்பாலும் தட்டை அடியும் மொண்ணை மூக்கும் கொண்டவை என்பதால் ஜி1 அவற்றுக்கு நன்றாகவே ஒத்துவரும். ஜி7 நீண்டு குறுகிய, வால் ஒடுங்கிய குண்டுகளுக்கானது. அதை இங்கே இழுத்து வருவதில் லாபம் இல்லை.

கருவிகளை நிறுத்துவது

எண்கள் தப்பாக வருவதென்றால் பெரும்பாலும் இங்கேதான் வரும். கணக்கில் வருவது இரண்டு வேகங்களின் விகிதம் மட்டும்தான். ஒரு குரோனோகிராஃப் எப்போதும் ஒரு சதவீதம் கூட்டியே காட்டுகிறது என்று வையுங்கள். இரண்டாவதும் அதே ஒரு சதவீதம் கூட்டிக் காட்டினால் நமக்கு ஒரு பாதிப்பும் இல்லை. வகுக்கும்போது அடிபட்டுப் போய்விடும். ஆனால் ஒன்று கூட்டி, இன்னொன்று குறைத்துக் காட்டினால் தொலைந்தது.

அதனால் முதல் வேலை, இரண்டு கருவிகளையும் ஒன்றன்பின் ஒன்றாக ஒட்டி வைத்து, ஒரே குண்டு இரண்டையும் கடக்கும்படி பத்துப் பன்னிரண்டு முறை சுடுவது. இரண்டும் காட்டும் எண்களின் விகிதத்தைக் குறித்துக்கொள்ளுங்கள். ஒவ்வொரு முறையும் அந்த விகிதம் ஒன்றாகவே வந்தால் நல்ல ஜோடி. பிறகு எல்லா அளவீட்டிலும் அந்த விகிதத்தால் திருத்திக்கொள்ளலாம். விகிதமே ஆடிக்கொண்டிருந்தால் அந்த ஜோடியை வைத்து இந்த வேலை செய்ய முடியாது. வெளிச்சத்தை நம்பி இயங்கும் திரைக் கருவிகள் மேகம் நகர்ந்தாலே எண்ணை மாற்றும். மேலே விளக்குப் பொருத்திப் பயன்படுத்துவது நல்லது.

ரேடார் வைத்திருப்பவர்களுக்கு இந்தத் தொல்லையே இல்லை. ஒரே கருவி, ஒரே குண்டு, பல தூரங்களில் வேகம். கருவியின் பிழை எதுவாக இருந்தாலும் விகிதத்தில் காணாமல் போகும். ஆனால் சிறிய விட்டக் குண்டுகளை அது எவ்வளவு தூரம் வரை தொடர்கிறது என்று பாருங்கள். கடைசியில் தடுமாறிப் பதிந்த எண்களைக் கணக்கில் சேர்க்கக்கூடாது.

கருவிகளுக்கு இடையே தூரம் எவ்வளவு வேண்டும்? முடிந்தவரை கூட. உதாரணத்தில் 90 மீட்டரில் 80 மீ./வி. வேகம் போயிற்று. இரண்டு கருவிகளும் சேர்ந்து 2 மீ./வி. தப்புப் பண்ணினால் பிழை இரண்டரை சதவீதம், தாங்கலாம். அதே குண்டை 20 மீட்டர் இடைவெளியில் அளந்தால் இழப்பே 19 மீ./வி.தான். அதில் 2 மீ./வி. தப்பென்றால் பத்து சதவீதத்துக்கு மேல் போய்விடும். தட்டை மூக்குக்கும் வட்ட மூக்குக்கும் உள்ள வித்தியாசமே 18தான் என்னும்போது, இந்த அளவீடு எதற்கும் ஆகாது. கிட்டத்தில் வைத்து அளந்த பி.சி. என்று யாராவது சொன்னால் நான் மேற்கொண்டு கேட்பதில்லை.

தூரத்தை நாடாவால் அளந்துகொள்ளுங்கள், ஒரு கருவியின் நடுவிலிருந்து அடுத்ததன் நடு வரைக்கும். முதல் கருவி குழல் வாயிலிருந்து மூன்று நான்கு மீட்டராவது தள்ளி இருக்க வேண்டும். வாயிலிருந்து வரும் வெடிப்புக் காற்று அதைக் குழப்பும். தூரத்துக் கருவிக்கு முன்னால் கீழ்ப்பாதியை மறைக்கும்படி தடிமனான எஃகுத் தகடு ஒன்றைச் சாய்த்து வையுங்கள். குண்டுத் துணுக்கு தரையை நோக்கித் திரும்பும்படி சாய்வு இருக்க வேண்டும். ஈயக் குண்டுகளின் குறி முதலில் எப்படி இருக்கும் என்று தெரியாதபோது கருவியையே சுட்டுவிடுவது சுலபம். எனவே முதலில் காகிதத்தில் குறியைச் சரிபார்த்துவிட்டுத்தான் கருவியைக் கொண்டுபோய் வைக்க வேண்டும்.

இரண்டாவது கருவி வாங்க வழியில்லாதவர்களுக்கு ஒரு குறுக்கு வழி உண்டு. எஃகுத் தகட்டில் குண்டு பட்ட சத்தத்தைச் சுடும் இடத்திலேயே போனில் பதியுங்கள். வெடி எழுந்ததிலிருந்து தகட்டுச் சத்தம் வந்து சேர்வது வரை உள்ள நேரத்தில், ஒலி திரும்பி வர எடுத்த நேரத்தைக் கழித்தால் குண்டு பறந்த நேரம் கிடைக்கும். அதை வாய் வேகத்தால் பெருக்கித் தூரத்தால் வகுத்து, ஒன்றைக் கழியுங்கள். மிஞ்சும் சிறு எண்ணை வைத்து, ஒரே வாய் வேகமுள்ள இரண்டு குண்டுகளை ஒப்பிடலாம். ஒலியின் வேகம் ஒரு டிகிரிக்கு 0.6 மீ./வி. மாறும் என்பதால் வெப்பநிலையைச் சரியாக அளக்க வேண்டும். சத்தத்தைப் பதிந்து அலையை உருப்பெருக்கிப் பார்ப்பது எனக்குப் பிடித்த வேலை என்றாலும், இரண்டு கருவி முறைதான் திடமானது.

குண்டின் பாதையில் பல திரைகளை நிறுத்தி அளப்பது புதிய யோசனையும் அல்ல. 1860களில் பிரான்சிஸ் பாஷ்ஃபோர்த் என்ற ஆங்கிலக் கணித ஆசிரியர் சம இடைவெளியில் திரைகளை வரிசையாக நிறுத்தி, பீரங்கிக் குண்டு ஒவ்வொன்றையும் அறுக்கும் நேரத்தை மின்சாரத்தால் பதிந்தார். நாம் செய்வது அதன் சின்ன வடிவம்தான்.

காற்றைக் கணக்கில் எடுங்கள்

ஒரு குண்டைக் காலையிலும் இன்னொன்றை மதியத்திலும் சுட்டுவிட்டு ஒப்பிடாதீர்கள். காலை 18 டிகிரி, 1008 ஹெக்டோபாஸ்கல் என்றால் காற்றின் அடர்த்தி 1.206. மதியம் 34 டிகிரி, 1005 என்றால் 1.140. ஐந்தரை சதவீத வித்தியாசம், குண்டின் மேல் எந்தத் தப்பும் இல்லாமல். அடர்த்தியைக் கண்டுபிடிப்பது எளிது: அழுத்தத்தைப் பாஸ்கலில் எடுத்து, 287 × (செல்சியஸ் + 273) என்பதால் வகுக்க வேண்டும். ஈரப்பதம் காற்றைக் கொஞ்சம் இலேசாக்கும். 32 டிகிரியில் 80 சதவீத ஈரப்பதம் இருந்தால்கூட வித்தியாசம் ஒன்றரை சதவீதத்துக்குள்தான். அதை நான் விட்டுவிடுகிறேன்.

ஒரு எச்சரிக்கை. வானிலைச் செய்தியில் சொல்லும் அழுத்தம் கடல் மட்டத்துக்கு மாற்றிச் சொல்வது. உயரமான இடத்தில் இருப்பவர்கள் அந்த எண்ணைப் போட்டால் கணக்கு மொத்தமும் தவறும். நின்றிருக்கும் இடத்தில் கருவி காட்டும் அழுத்தமே வேண்டும். அளந்த இழப்பை 1.225ஆல் பெருக்கி அன்றைய அடர்த்தியால் வகுத்து எழுதி வைத்தால், வேறொரு நாளில் அளந்த குண்டோடும் ஒப்பிடலாம். எதிர்க்காற்று வீசும் நாளைத் தவிர்த்துவிடுங்கள். 5 மீ./வி. எதிர்க்காற்று, 500 மீ./வி. வேகத்தில் போகும் குண்டுக்குத் தடையை 2 சதவீதம் கூட்டும்.

ஒலியின் வேகம் என்ற மேடு

ஈயக் குண்டு விஷயத்தில் முக்கியமான இடம் இது. மற்றதையெல்லாம் விட்டாலும் இதை விடாதீர்கள்.

தடைக் கெழு ஒரே எண் அல்ல, வேகத்தோடு மாறுவது. ஜி1 குண்டுக்கு மாக் 0.8இல் 0.25, மாக் 1இல் 0.48, மாக் 1.2இல் 0.64. ஒலியின் வேகத்தைச் சுற்றி இரண்டரை மடங்கு ஏற்றம். வேகத் துப்பாக்கிகளின் செம்பு உறைக் குண்டுகள் இந்த மேட்டுக்கு வெகு மேலே தொடங்கி, நெடுந்தூரம் போன பிறகுதான் இதில் இறங்கும். ஈயக் குண்டுகளோ பெரும்பாலும் மேட்டிலேயே பிறந்து மேட்டிலேயே முடிகிறவை. ஆங்கிலக் கணித அறிஞர் பெஞ்சமின் ராபின்ஸ் 1740களிலேயே, ஒலியின் வேகத்துக்குப் பக்கத்தில் தடை திடீரென்று எகிறுவதைக் கவனித்து எழுதியிருக்கிறார். அவர் சுட்டதும் உருண்டை ஈயக் குண்டுகளைத்தான்.

இதனால் வரும் விதி: இரண்டு குண்டுகளை ஒப்பிட வேண்டுமானால் இரண்டும் ஒரே சராசரி மாக் எண்ணில் பறக்க வேண்டும். ஒன்றை 540இலும் இன்னொன்றை 420இலும் சுட்டுவிட்டு இது சிறந்தது, அது மோசம் என்று சொன்னால், குண்டுகளை ஒப்பிடவில்லை, வேகங்களைத்தான் ஒப்பிட்டிருக்கிறோம். 15 மீ./வி. வரை வித்தியாசம் இருந்தால் பரவாயில்லை. அதற்கு மேல் வேண்டாம். மாக் எண்ணுக்கான ஒலி வேகம் 331.3 + 0.606 × செல்சியஸ். 15 டிகிரியில் 340, 32 டிகிரியில் 351.

இன்னும் நல்லது, ஒவ்வொரு குண்டையும் மூன்று நான்கு வேகங்களில் அளப்பது. சராசரி மாக் 1.5 பக்கம் ஒன்று, 1.2 பக்கம் ஒன்று, ஒலிக்குக் கீழே 0.9 பக்கம் ஒன்று. வரைபடத் தாளில் குறித்தால் அந்தக் குண்டுக்கே உரிய கோடு கிடைக்கும். இரண்டு குண்டுகளின் கோடுகளும் எங்கே பிரிகின்றன, எங்கே நெருங்குகின்றன என்று பார்ப்பதில்தான் சுவாரசியம். ஒலிக்கு மேலே மூக்குதான் ராஜா: மூக்கின் முன்னால் எழும் அதிர்வலை தடையில் பெரும்பங்கு எடுத்துக்கொள்ளும். ஒலிக்குக் கீழே அந்த அலை போய்விடும். அடிப்பகுதிக்குப் பின்னால் உண்டாகும் உறிஞ்சலும் உடம்பின் உராய்வும்தான் மிச்சம். அங்கே கூர்மையான மூக்குக்கும் நல்ல வட்ட மூக்குக்கும் பெரிய வேறுபாடு இருக்காது. மெதுவாகச் சுடும் ஒருவர் கூர்மூக்கு அச்சுக்குப் பணம் கொட்டுவது வீண் என்று நான் சொல்வது இதனால்தான்.

1874இல் அமெரிக்காவின் கிரீட்மூர் சுடுதளத்தில் அயர்லாந்து அணியும் அமெரிக்க அணியும் 800, 900, 1000 கஜங்களில் போட்டியிட்டபோது சுடப்பட்டவை கருமருந்தில் போன நீளமான ஈயக் குண்டுகள். அவற்றின் பலம் மூக்கின் கூர்மை அல்ல. விட்டத்துக்கு மிஞ்சிய எடையும் நீளமும்தான்.

அச்சில் விழுந்த குண்டும் பறக்கும் குண்டும்

சுடுவதற்கு முன் மேசையில் செய்ய வேண்டிய வேலை உண்டு. குண்டின் அடியை வெளிச்சத்தில் சாய்த்துப் பாருங்கள். ஈயம் ஊற்றிய வாயை வெட்டிய இடத்தில், ஊசி முனையளவு குழி ஒன்று இருக்கும் சிலவற்றில். விரல் நகத்தை ஓட்டினால் தட்டுப்படும். குழிக்குள் எவ்வளவு தூரம் காற்று அடைபட்டிருக்கிறது என்று கண்ணுக்குத் தெரியாது, தராசுக்குத் தெரியும். அடியின் ஓரம் கத்தி மாதிரி கூராக இருக்க வேண்டும். உருண்டு மழுங்கியிருந்தால் அச்சு போதுமான சூட்டில் இல்லை. அப்படிப்பட்ட அடியிலிருந்து வாயு ஒரு பக்கமாக முந்திப் பிரியும், குண்டு தலையாட்டிக்கொண்டே கிளம்பும். தலையாட்டும் குண்டுக்குத் தடை கூடும். மழுங்கியவற்றைத் திரும்ப உருக்கிவிடுங்கள். மீதியை எடை பார்த்துப் பிரியுங்கள்: 11 கிராம் குண்டென்றால் 0.03 கிராமுக்கு மேல் குறைந்ததைச் சோதனைக்கு எடுக்காதீர்கள்.

அச்சில் பொறித்த எடை ஏதோ ஒரு கலவைக்கானது. 90 பங்கு ஈயம், 5 வெள்ளீயம், 5 ஆன்டிமனி கலந்ததும், 84 ஈயம், 4 வெள்ளீயம், 12 ஆன்டிமனி கொண்ட லைனோடைப் உலோகமும் ஒரே அச்சில் ஒரே எடையில் விழாது, லைனோடைப் இலேசு. வடிவம் ஒன்றே என்பதால், எடை எத்தனை சதவீதம் குறைகிறதோ ஏறக்குறைய அத்தனை சதவீதம் வேக இழப்பும் கூடும். ஆகவே எப்போதும் தராசு காட்டும் எடையையே கணக்கில் போடுங்கள்.

கடினமான கலவைக்கு இந்த நஷ்டம் இருந்தாலும் ஒரு லாபமும் உண்டு. துப்பாக்கி வெடிக்கும் கணத்தில் குண்டின் அடியை வாயு தள்ளுகிறது, மூக்கின் எடை பின்னுக்கு அழுத்துகிறது. மெத்தென்ற கலவை என்றால் மூக்கு அமுங்கிக் குட்டையாகும், சில சமயம் ஒரு பக்கமாகச் சரியும். நீளமான மெல்லிய மூக்குகளில் இது அதிகம். அச்சில் அழகாக விழுந்த கூர்மூக்கு, குழல் வாயைத் தாண்டும்போது அந்த அழகோடு இருப்பதில்லை. மண் மேட்டில் தோண்டி எடுத்துப் பார்த்தால் ஒன்றும் விளங்காது, மோதிய மூக்கு அங்கே மறுபடி நசுங்கியிருக்கும்.

இதைக் கண்டுபிடிக்க நான் நம்பும் வழி ஒன்று உண்டு. ஒரே அச்சில் மெத்தென்ற கலவையிலும் கடினக் கலவையிலும் வார்த்து, ஒரே அளவுக்கு இறுக்கி, ஒரே மசகு பூசி, ஒரே வேகத்தில் சுட்டு, இரண்டின் தடைக் கெழுவையும் அவற்றின் சொந்த எடையைப் போட்டுக் கணக்கிடுங்கள். எடையின் பாதிப்பு கணக்கிலேயே நீங்கிவிடும். கெழு இரண்டும் ஒன்றாக வந்தால் மூக்கு தாக்குப்பிடித்திருக்கிறது. மெத்தென்றதன் கெழு தெளிவாகக் கூடியிருந்தால் அதன் மூக்கு அமுங்கியிருக்கிறது, இல்லை குண்டு ஆடிக்கொண்டு போகிறது. வேகத்தைக் குறைத்துத் திரும்ப அளக்கும்போது வித்தியாசம் மறைந்தால் அமுங்கல்தான் காரணம் என்று நான் முடிவு செய்வேன்.

ஆட்டத்தைக் காகிதம் காட்டிக்கொடுக்கும். 25 மீட்டரில் ஒன்றும் தூரக் கருவிக்குப் பின்னால் ஒன்றுமாகத் தடித்த அட்டை வைத்து, ஓட்டையை நீளவாக்கிலும் அகலவாக்கிலும் அளந்து பாருங்கள். முட்டை வடிவ ஓட்டை என்றால் குண்டு சாய்ந்து போயிருக்கிறது. அந்தச் சுடுதலின் எண்ணைக் கணக்கில் சேர்க்க வேண்டாம். எல்லாமே முட்டையாக வந்தால், குண்டைச் சுழலவைக்கக் குழலுக்குள் வெட்டியிருக்கும் புரி அந்தக் குண்டின் நீளத்துக்குப் போதவில்லை. ஆங்கிலக் கணித அறிஞர் கிரீன்ஹில் 1879இல் தந்த சூத்திரம் ஈயத்துக்கு இன்னும் பயன்படும்: விட்டத்தின் வர்க்கத்தை 150ஆல் பெருக்கி நீளத்தால் வகுத்தால், எத்தனை அங்குலத்துக்கு ஒரு சுற்று வேண்டும் என்று வரும். 0.308 அங்குல விட்டமும் ஒரு அங்குல நீளமும் உள்ள குண்டுக்கு 14 அங்குலம் போதும்.

கேஸ் செக் என்ற செம்புக் கிண்ணத்தை அடியில் போடுபவர்கள் அது உறுதியாகப் பிடித்திருக்கிறதா என்று பார்க்க வேண்டும். சில பறக்கும் வழியில் கழன்று விழும், சில விழாது. ஒரே தொகுதியில் எண்கள் இரண்டு கூட்டமாகப் பிரிந்து வந்தால் முதலில் இதைத்தான் சந்தேகிப்பேன். மசகுப் பள்ளங்கள் நிறைய உள்ள அச்சுகளில் மூக்குக்கு இடம் குறைவு, ஆகவே மொண்ணையாக இருக்கும். பள்ளங்களின் தடையைவிட இந்த மொண்ணைதான் கணக்கில் தெரியும்.

சுடும் ஒழுங்கு

முதலில் நாலைந்து குண்டுகளைச் சும்மா சுட்டுக் குழலைப் பழக்குங்கள். சுத்தமான குழலில் ஈயம் வேறு மாதிரி நடந்துகொள்ளும். அப்புறம் முதல் குண்டில் ஐந்து, இரண்டாவதில் ஐந்து, மறுபடி முதலில் ஐந்து, இரண்டாவதில் ஐந்து. ஒவ்வொன்றாக மாற்றி மாற்றிச் சுடுவது கணக்குப்படி இன்னும் நல்லது, ஆனால் குழலில் படியும் மசகு அடுத்த குண்டைப் பாதிக்கும் என்பதால் ஐந்தைந்தாகப் போவது எனக்குத் தோதாக இருக்கிறது. ஒவ்வொரு குண்டுக்கும் அதனதன் இரண்டு வேகங்களைச் சேர்த்துக் கணக்கிட்டு, பிறகு சராசரி எடுங்கள். ஒரு கருவி ஒரு சுடுதலைத் தவறவிட்டால் அந்த ஜோடியையே அடித்துவிட வேண்டும்.

பத்து எண்கள் கிடைத்ததும் அவை எவ்வளவு சிதறியிருக்கின்றன என்று பாருங்கள். இரண்டு குண்டுகளின் சராசரிகளுக்கு இடையிலுள்ள வித்தியாசம், ஒரே குண்டின் எண்களுக்குள் இருக்கும் சிதறலைவிட மிகச் சிறியது என்றால், இரண்டையும் சமம் என்றே எழுதிவைப்பேன். மூன்று சதவீத வித்தியாசத்துக்காக அச்சை மாற்றுவது வீண் வேலை.

கிடைத்த எண் எதற்கு உதவும்

வீழ்ச்சிக்கு என்று நினைப்பவர்கள் பலர். நம் உதாரணக் குண்டுகள் இரண்டும் 90 மீட்டரில் விழும் ஆழத்தில் வித்தியாசம் அரை சென்டிமீட்டர்தான். குண்டுகள் காகிதத்தில் சிதறும் அளவே அதை விழுங்கிவிடும். கிட்டத்தில் வீழ்ச்சியை அளந்து பி.சி. கண்டுபிடிக்கப் பார்ப்பது நடக்காத காரியம் என்பதும் இதிலிருந்தே தெரியும்.

உண்மையான பலன் பக்கக் காற்றில். 19ஆம் நூற்றாண்டு பிரெஞ்சு அதிகாரி டிடியோனின் பெயரில் வழங்கும் விதி இது: காற்றில்லாத வெளியில் எடுத்திருக்கும் நேரத்தைவிடக் குண்டு எவ்வளவு நேரம் தாமதிக்கிறதோ, அந்தத் தாமதத்தைக் காற்றின் வேகத்தால் பெருக்கினால் குண்டு தள்ளப்படும் தூரம் வரும். வட்ட மூக்கு 90 மீட்டரை 0.1808 வினாடியில் கடக்கிறது. வேகம் குறையாமல் போயிருந்தால் 0.1667. தாமதம் 0.0141. 4 மீ./வி. பக்கக் காற்றில் 5.6 செ.மீ. தள்ளல். தட்டை மூக்குக்கு 6.7 செ.மீ. வீழ்ச்சியில் ஒன்றுமே காட்டாத அதே இரண்டு குண்டுகள் இங்கே ஒரு சென்டிமீட்டருக்கு மேல் பிரிந்துவிட்டன. இந்தப் பிரிவு தூரத்தோடு வேகமாக வளரும். 200, 300, 385, 500 மீட்டரில் இரும்பு உருவங்களை வீழ்த்தும் சில்லூயட் போட்டிக்காரர்கள் பி.சி.யைப் பற்றிக் கவலைப்படுவது இதற்காகத்தான்.

அதே விதி இன்னொன்றையும் சொல்கிறது. தாமதம்தான் கணக்கு, மொத்த நேரம் அல்ல. ஒலியின் வேகத்துக்குச் சற்று மேலே கிளம்பும் குண்டு மேட்டில் மாட்டி நிறையத் தாமதிக்கும். சற்றுக் கீழே கிளம்புவது மெதுவாகப் போனாலும் தாமதம் குறைவு. .22 ரகத் துப்பாக்கியில் 100 கஜத்தில் அதிவேகத் தோட்டாவைவிட ஒலிக்குக் கீழான போட்டித் தோட்டா காற்றில் குறைவாகவே விலகுவது இதனால்தான். 400 மீ./வி. பக்கம் ஈயக் குண்டு சுடுபவர்கள் கூடுதல் மருந்து போட்டு வேகத்தை ஏற்றுவதற்கு முன், 320இல் அதே குண்டின் தாமதத்தை ஒருமுறை அளந்து பார்க்கலாம்.